கல்லறைக்குள் கால் வைக்காதவர்

செத்துப்போனவர்களின் இடத்தைப் பார்க்கக் கடல் தாண்டிப் போவதில் பிரயோசனம் உண்டா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. பீஜியிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த நம்மவர்களுக்கு வீட்டு மார்ட்கேஜ் பாதி அடைந்ததும் இந்த ஆசை வந்துவிடுகிறது. பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார், அவரைப் பெற்றவர்களை எங்கே எரித்தார்கள் என்று தேடிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் மவுண்ட் ரோஸ்கில்லில் என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு யோசனை கேட்பார்கள். போகாதே என்பேன். போய்விட்டு வந்து வெயிலைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் பேசுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் இனிமேல் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எழுதப்போவது நம்மவர்களைப் பற்றி இல்லை. ஒரு யூதக் கிழவரைப் பற்றி. எண்பதுகளின் கடைசியில், சாவதற்கு முன்னால் தாயின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று போலந்து வரை போன மனிதர். அவர் போகலாமா கூடாதா என்ற பஞ்சாயத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வட ஆற்காட்டிலிருந்து பீஜிக்குப் போனவர். நான் மூன்றாம் வகுப்போடு சரி. வெட்டுக்கு ஆள் குறைந்த வருஷம் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டார். அங்கே ஒரு தமிழ் வாத்தியார் மண்டையில் ஏற்றிய எழுத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலீஷ் எழுத்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெயின்ட் டப்பாவில் இருந்ததைப் பார்த்துப் பலகையில் எழுதி எழுதிக் கற்றேன். எழுத்து முதலில் கைக்கு வந்தது, படிக்கப் பிறகுதான் வந்தது. ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது என் சொத்து இரண்டு பிரஷ். எண்பதுகளில் என் பெயரை என் கையாலேயே எழுதிய வேன்கள் ஊருக்குள் ஓடின. மனுரேவாவில் கிடங்குகளின் சுவரில் அப்போது இருந்த பெரிய பெரிய எழுத்துகளில் பாதி நான் எழுதியது. மவுண்ட் ரோஸ்கில்லில் என் பிரஷ் படாத தெரு இல்லை. இதை நானே சொல்வது பெருமையாகத்தான் இருக்கும். இருக்கட்டும், சொல்ல வேறு ஆள் இல்லை.

அந்தக் கிழவருக்கு நகர மையத்தில் ஆண்கள் உடுப்புக் கடை இருந்தது. நான் வந்த புதிதில் படியேறிய கடைகளெல்லாம் ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டன. இவர் ஒருத்தர்தான் ஒரு பலகைத் துண்டை நீட்டி எழுதச் சொன்னார். எழுதினேன். வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பார்த்தால் படிக்கத் தோன்றும், தலைகீழாகப் பார்த்தால்தான் எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளி சரியா என்று தெரியும் என்றார். அந்த வித்தையை நான் பிறகு என் ஆட்களிடம் என்னுடைய வித்தையாகவே சொல்லி வந்திருக்கிறேன். அவருடைய கடைப் பலகை எனக்கு முதல் வேலை. அன்றிலிருந்து நான் அவருக்கு ‘பெயின்டர்’, அவர் எனக்கு ‘பாஸ்’. நாங்கள் பேசியது இங்கிலீஷில். என்னுடையது உடைந்த இங்கிலீஷ், அவருடையது அதைவிட உடைந்தது. இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

அவர் மனைவி இறந்து சில வருஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார். கல்லறைக் கல்லில் அவர்கள் வேதத்து எழுத்தில் வெட்டியிருந்ததில் கறுப்பு பெயின்ட் உதிர்ந்துவிட்டதாம். யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்களாம். ஏன், இவர் பார்க்கவில்லையா என்று எனக்குள் ஓடியது. கேட்கவில்லை. நகரத்துக்கு மேற்கே பெரிய மயானம், அதில் ஒரு மூலை யூதர்களுக்கு. அவர் காரில் வந்தார், நான் வேனில் போனேன். அவர் காரை வெளியே நிறுத்திவிட்டு ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று அங்கிருந்தே கையை ஆட்டிக் காட்டினார். நான் உள்ளே போய் எழுத்துக்கு பெயின்ட் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் குளிர்காற்றில் தொப்பியோடு நின்றபடி இருந்தார்.

வேலை முடிந்து வந்த பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர்களுடையது பழைய காலத்துக் கோவில் பூசாரி வம்சம். பூசாரிக்குப் பிணத் தீட்டு ஆகாது. தாய், தகப்பன், பெண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் என்றால் அடக்கம் செய்கிற அன்றைக்கு மட்டும் போகலாம். அதோடு சரி. பிறகு அந்த மண்ணுக்குள் கால் வைக்கக் கூடாது. அவர்கள் கோவிலை இடித்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறதாம். பூசை போய்விட்டது, வருமானம் போய்விட்டது, தீட்டு மட்டும் போகவில்லை. வேறு எவனாவது என்றால் சிரித்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீட்டு கழிக்கத் தலை முழுகி ஜுரத்தில் படுத்தவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. அந்த மயானத்தின் வாசலில் குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள், உள்ளே போய் வருகிறவர்கள் கை கழுவிவிட்டுப் போக. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விளக்க வேண்டியிருந்தது பூ விஷயம்தான். அடுத்த வருஷம் நான் என் செலவில் நல்ல சாமந்தியாக ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். பாஸ் ரோட்டிலிருந்தே கையை வீசினார். பூ வைப்பதில்லையாம், கூழாங்கல் வைக்க வேண்டுமாம். செத்தவர்களுக்குக் கல்லா என்றேன். பூ நாளைக்கு வாடிவிடும், கல் வந்தவன் வந்தான் என்று சாட்சி சொல்லும் என்றார். சாமந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் போட்டேன். மயானத்துக்குப் போய்வந்த பூவா என்று என் வீட்டுக்காரி எடுத்து வெளியே போட்டாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவர் மனைவியின் திதிக்கு நான்தான் உள்ளே போய்க் கல் வைத்தேன். அவர் ரோட்டில் நின்றார்.

போலந்துப் பேச்சு தொடங்கியது பீஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். என் வீடு அப்போது வீடாக இல்லை. என் வீட்டுக்காரியின் சொந்தக்காரர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து முன் அறையில் இருந்தார்கள். ஒருத்தருக்கு விசா, ஒருத்தருக்கு வேலை, ஒருத்தருக்கு ரென்ட் வீடு என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். காலையில் குளிக்க வரிசையில் நின்றேன், என் வீட்டில் நானே. முழங்கால் வேறு ஏணி ஏறும்போதெல்லாம் பேச ஆரம்பித்திருந்தது.

அந்த நேரத்தில் பாஸ் தன் வீட்டு ஜன்னல் சட்டங்களுக்கு பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டார். போனால், பெயின்ட் பற்றிப் பேசவில்லை. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தன் ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் அந்த ஊரை விட்டு வந்தவர், பிறகு போகவே இல்லை. அவர் கிளம்புவதற்கு முன் வருஷம் தாய் இறந்தாள். அடக்கத்தன்று உள்ளே போனதோடு சரி. தகப்பனையும் அக்கா தங்கைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் யுத்தத்தில் கொன்றுவிட்டார்கள். அவர்களுக்குக் குழியும் இல்லை, கல்லும் இல்லை.

“என் ஆளுங்கள்ல கல்லுன்னு ஒண்ணு உள்ளவ அவ ஒருத்திதான்” என்றார். “போன யுத்தத்துக்கு அப்புறம் அவகிட்ட யாரும் போகல. போக ஆள் இல்ல.”

அவருக்கு இருதயத்தில் கோளாறு. டாக்டர் நீண்ட பிரயாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை அவர் மழை வரலாம் என்பதைப் போலச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார், நீயும் வருகிறாயா என்று. டிக்கெட் அவர் செலவு, சாப்பாடு அவர் செலவு. நான் செய்ய வேண்டியது இங்கே செய்வதுதான். அவர் ரோட்டில் நிற்பார், நான் உள்ளே போய்த் தாயின் கல்லைக் கண்டுபிடித்து ஒரு கூழாங்கல் வைத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் எழுத்தின் உருவம் எனக்குப் பழக்கம். தாயின் பெயரை எழுதிக் கொடுத்தால் நான் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவருக்கு நம்பிக்கை. அது நியாயமான நம்பிக்கைதான், நான் கண்டுபிடித்திருப்பேன்.

ஆனால் நான் சொன்னேன், “பாஸ், இங்கயும் நீங்க ரோட்டிலதான் நிக்கிறீங்க. அங்கயும் ரோட்டிலதான் நிக்கப்போறீங்க. ஒரு ரோட்டைப் பாக்கவா உலகத்துக்கு அந்தப் பக்கம் போகணும்?”

“அந்த ரோட்டில நிக்கணும்” என்றார்.

நான் இந்தியாவுக்குப் போய் வந்த கதையை அவருக்குச் சொன்னேன். அதற்குச் சில வருஷம் முன்னால் நானும் அந்தப் பைத்தியத்தில் போனவன்தான். அப்பாவின் ஊருக்குப் புது சூட் போட்டுக்கொண்டு, வாடகைக் கார் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு போனேன். சொந்தம் என்று ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். தாத்தாவை எரித்த இடத்தைப் பார்க்க என்றேன். அதற்காக யாராவது பீஜியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருவார்களா என்று அவர்கள் முகமே சொன்னது. கடைசியில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார், நிலத்தில் உங்கள் அப்பாவின் பங்கு அப்போதே விற்றாயிற்று, இப்போது கேட்டால் நியாயம் இல்லை என்று. எனக்கு மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிற மண்ணே போதும், உங்கள் நிலம் எனக்கு எதற்கு என்றேன். யாரும் நம்பவில்லை. தாத்தாவை எரித்த இடம் என்று ஏரிக்கரைப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினார்கள். எரித்த இடத்தில் என்ன இருக்கும்? ஆடு மேய்ந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். என்ன நினைக்க வேண்டும் என்று தெரியவில்லை. செருப்பில் ஒட்டிய சேற்றை யோசித்தேன். அவ்வளவுதான் என் பிரயாணம்.

இதையெல்லாம் பாஸ் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “உங்களுக்குக் கல் இல்ல. அதான்” என்றார்.

“உங்களுக்குக் கல் இருக்கு, ஆனா போகக் கூடாது” என்றேன்.

“அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். முன் அறையில் பத்துப் பேர் சாப்பிடக் காத்திருந்தார்கள்.

“போயிட்டு வாங்களேன். உங்களுக்குத்தான் தெரியாத ஊரே இல்லையே. போலந்துல உங்க கையெழுத்துல ஒரு போர்டு இல்லாதது ஒண்ணுதான் குறை.”

“கிண்டல் பண்ணாத. இந்தக் கூட்டத்தை யார் பாக்கறது?”

“நான்தான். இப்பயும் நான்தானே பாக்கறேன்?” என்றாள். அடுத்த தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே, “ஆனா போகாதீங்க” என்றாள். “அவர் அங்க போய் விழுந்துட்டார்னா? அந்த ஊர் பாஷை உங்களுக்குத் தெரியுமா? கூட அவர் பிள்ளை போகட்டும். பிள்ளை எதுக்கு இருக்கு?”

அவள் சொன்னது சரி. அவருக்கு ஒரே மகன், நகர மையத்தில் வக்கீல். அப்பாவின் சாமி, சடங்கு எதிலும் ஒட்டாதவர். எப்போதாவது அப்பாவுக்குப் போன் செய்வார். நான் ஏணியில் நின்று ஜன்னலுக்கு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவரே வந்துவிட்டார். அப்பாவும் மகனும் உள்ளே பேசியது திறந்த ஜன்னல் வழியாக முழுக்கக் கேட்டது. கேட்காமல் இருக்க எனக்கு வேறு இடம் இல்லை.

மகன் முதலில் டாக்டரை வைத்துப் பேசிப் பார்த்தார். பிறகு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது என்றார். கடைசியில் இறங்கி வந்து, சரி, நானே கூட்டிக்கொண்டு போகிறேன், உள்ளேயும் நானே போய் வைத்துவிட்டு வருகிறேன், பெயின்டர் எதற்கு என்றார்.

“நீ போகக் கூடாது” என்றார் பாஸ்.

“ஏன்?”

“நீ என் பிள்ளை. எனக்கு உள்ளது உனக்கும் உண்டு.”

“அப்பா, நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பன்றிக்கறி சாப்பிடறவன். என்மேல எந்தத் தீட்டு வந்து ஒட்டும்?” பன்றி அவர்களுக்கு ஆகாது, வெள்ளி ராத்திரி அவர்களுக்குப் புனிதமான நாள்.

“நீ என்ன சாப்பிட்டாலும் பூசாரிதான். கழட்டி வைக்க அது கோட்டு இல்ல.”

மகன் ஜன்னல் பக்கம் வந்து என்னைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே, நான் போகவில்லை, பாஸும் போக வேண்டாம் என்று என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். பாஸ் என்னைப் பார்க்கவில்லை. சட்டத்தின் மூலையில் பெயின்ட் வழிகிறது என்றார். வழியவில்லை. என் கையில் வழியாது.

இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வேன். எனக்கு அறுபத்தைந்து ஆகியிருந்தது. வீட்டில் அத்தனை பேர். முன்பின் தெரியாத நாட்டில் ஒரு கிழவரைத் தாங்கிப் பிடிக்க என்னிடம் தெம்பு இல்லை. அவர் கோபப்படவும் இல்லை. குளிர் குறைந்ததும் அப்பாவும் மகனுமாகக் கிளம்பினார்கள். உள்ளே யார் போவது என்பதை முடிவு செய்யாமலே கிளம்பினார்கள் என்று எனக்குத் தெரியும். மவுண்ட் ரோஸ்கில் குன்றின் அடியில் பொறுக்கிய ஒரு செம்பழுப்பு எரிமலைக் கல்லைப் பாஸ் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அது ஓட்டை ஓட்டையாக இருக்கும், கனமே இருக்காது.

அவர் திரும்பி வந்ததை மகன்தான் போன் செய்து சொன்னார். நல்லபடியாக வந்துவிட்டார், ஆனால் படுத்திருக்கிறார் என்று. நான் என் வீட்டுக்காரி கொடுத்த ரசத்தை பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு போனேன். முகம் சுருங்கிப்போயிருந்தது. ரசத்தைக் குடித்தார், இருமினார், இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு தானாகவே சொன்னார்.

ஊர் இருந்தது. கல்லறையும் இருந்தது, ஆனால் மதில் இல்லை. மதில் கல்லை யாரோ எப்போதோ வீடு கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். பாதி இடம் காடு, பாதி இடம் புல். எங்கே கல்லறை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல ஆளில்லை. சைக்கிளில் வந்த ஒரு ஆள், இங்கிருந்து அதோ அது வரை என்று பெரிதாகக் கையை வீசிக் காட்டினான். அந்த வீச்சுக்குள் ரோடும் இருந்தது. ரோடு போட்டதே அந்தக் கல்லறைக் கற்களைப் போட்டுத்தான் என்று பிறகு சொன்னானாம்.

“நிக்க இடம் இல்ல, பெயின்டர்” என்றார் பாஸ். “மதில் இருந்தா வெளிய நிக்கலாம். மதிலே இல்லாட்டி வெளிய எது?”

அதனால் அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். எரிமலைக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று மகனிடம் சொன்னார். மகன் கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவர் கூப்பிட்டாராம், மகன் திரும்பவில்லையாம். மரங்களுக்குள் மறைந்தவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கால்சட்டை முழுக்க முள்ளும் சேறும்.

“கிடைச்சுது அப்பா, வெச்சுட்டேன்னான். எப்படி இருக்குன்னு கேட்டேன். கொஞ்சம் சாஞ்சிருக்கு, ஆனா நல்லா இருக்குன்னான்.”

மகனுக்கு அவர்கள் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது என்பது எனக்கே தெரியும். சின்ன வயதில் படிக்க அனுப்பிய இடத்திலிருந்து ஓடிவந்தவர்.

“பொய்தானே, பாஸ்?”

“பொய்தான்” என்றார். “ஏதோ ஒரு கல்லு மேல வெச்சிருப்பான். இல்ல, ஒரு மரத்தடியில வெச்சிருப்பான்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் போய், ரோட்டில்கூட நிற்க முடியாமல், தாயின் கல் கிடைக்காமல், வம்சக் கட்டுப்பாட்டையும் மகன் மீற, கடைசியில் ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். இதற்கா போனீர்கள் என்று கேட்டேவிட்டேன். ஒரு பொய்யை இங்கேயே இருந்து கேட்டிருக்கலாமே.

அவர் கொஞ்சம் சிரித்தார். “இங்க அவன் எங்கிட்ட பொய் சொல்ல என்ன இருக்கு? என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லிட்டு போனை வெச்சுடுவான். எனக்காக ஒரு பொய் சொல்ல அவன் மெனக்கெட்டு நான் பாத்ததே இல்ல.”

நான் பிளாஸ்க்கை மூடினேன். பிரயோசனமா இல்லையா என்று இதை வைத்து ஒருவனுக்கு எப்படிச் சொல்வது? அம்மாவைப் பார்க்கப் போனார். அம்மாவைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். இந்த ஊரில் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இருந்த மகனை. இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி, பாவம் என்றாள். யார் பாவம் என்று சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, நம்ம பிள்ளைங்க நம்மள எங்க வந்து பாக்குங்க, சாம்பலைக் கடல்ல விட்டுட்டா என்று கேட்டாள். கடலுக்கு வரட்டும், கடல் இங்கே எல்லாப் பக்கமும் இருக்கிறது என்றேன். சோறு போடட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

பாஸ் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், கோடையில் ஒரு நாள், மயானத்துக்கு வரச் சொன்னார். அவர் மனைவியின் திதி அப்போது இல்லை. பிரஷ் எடுத்துவரவா என்றேன். வேண்டாம், வா என்றார். வழக்கம்போல ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யூதர்களின் மூலையில், ரோட்டை ஒட்டின வேலி ஓரமாக, ஒரு துண்டு இடம் காலியாக இருந்தது. யாரும் கேட்காத இடம். காலையிலிருந்து மாலை வரை வண்டிச் சத்தம். அதைக் கையால் காட்டி, தான் அதைத் தனக்கு வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. மனைவிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம் வாங்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்த வெறும் புல்லைத் தாண்டித்தான் நான் கல் வைக்கப் போவேன்.

“அந்த இடம்?”

“திருப்பிக் கொடுத்துட்டேன்.”

“பாஸ், அவங்க என்ன நினைப்பாங்க?”

“அவ உயிரோட இருந்தப்பவும் நான் கடையிலதான் கிடந்தேன். அவளுக்குப் பழக்கம்தான்” என்றார். சொல்லிவிட்டு மனைவியின் கல் இருந்த நடு வரிசைப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார், “இங்க இருந்தா அவன் உள்ள வர வேண்டாம். ரோட்டில காரை நிறுத்தலாம். இறங்காமலே பாத்துட்டுப் போகலாம். கட்டுப்பாடும் கெடாது, பொய்யும் சொல்ல வேண்டாம்.”

“அவருக்கு எந்தக் கட்டுப்பாடு? அவர் ஷூவோட நேரா உள்ளயே வந்துடுவார்.”

“வந்தா வரட்டும். வராம இருக்கறதுக்கு அவன்கிட்ட காரணம் இருக்கக் கூடாது.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு லாரி போனது, பேச்சை நிறுத்திவிட்டு அது போகிற வரை நின்றோம். இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டது என்று பிறகுதான் சொன்னார். கல் வெட்டுகிறவனிடம் எழுத்தின் அளவு சொல்ல வேண்டும். ரோட்டின் இந்தப் பக்கத்தில் காரில் உட்கார்ந்திருக்கிறவன் படிக்க வேண்டுமானால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஆக்லாந்தில் இதைக் கேட்க என்னை விட்டால் சரியான ஆள் இல்லை, அதுவும் அவருக்குத் தெரியும். உங்கள் எழுத்திலா, இங்கிலீஷிலா என்றேன். இங்கிலீஷில் என்றார், அவனுக்கு வேறு என்ன தெரியும்.

வேனில் பழைய பெட்டி அட்டை கிடந்தது. சட்டைப் பையிலிருந்த பென்சிலால் அவர் பெயரின் முதல் எழுத்தைச் சாதாரணமாகக் கல்லில் வெட்டுகிற அளவுக்கு மேல் ஒரு மடங்கு கூட்டி எழுதி, கறுப்பு நிரப்பினேன். முழங்கால் வலியோடு ரோட்டைக் கடந்து உள்ளே போய், அந்தக் காலி இடத்தில் கல் நிற்கப்போகிற உயரத்துக்கு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தன் காருக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“தெரியுதா பாஸ்?”

“எனக்குத் தெரியுது. இன்னும் பெரிசா போடு.”

“இதுக்கு மேல போனா கடைப் போர்டு மாதிரி ஆயிடும். பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அவனுக்குக் கண்ணு சரியில்ல, கண்ணாடி போடுடான்னா போட மாட்டேங்கறான்.”

நான் அட்டையைத் திருப்பி முழங்காலில் வைத்து, மறுபக்கத்தில் இன்னும் பெரிதாக எழுத ஆரம்பித்தேன்.